வேலூருக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஊர்ச் சாப்பாட்டை அறிந்துகொள்வது எப்படி: மெஸ் முதல் தள்ளுவண்டி வரை

மாற்றலாகி வேலூருக்கு வருகிறவர்களைச் சாப்பிட அழைத்துப் போகும் பொறுப்பு எங்கள் அலுவலகத்தில் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. ஏழெட்டு ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்து, கைபேசியில் நட்சத்திரம் எண்ணி, பிற்பகல் மூன்றரை மணிக்குப் பெயர்பெற்ற ஒரு பிரியாணிக் கடைக்குப் போகிறார்கள். தேக்சாவின், அதாவது பிரியாணி வேகும் பெரிய பாத்திரத்தின், அடியில் சுரண்டி எடுத்த கடைசிச் சோறு தட்டுக்கு வருகிறது. திங்கட்கிழமை காலை, "இதற்குத்தானா சார் இவ்வளவு பேச்சு?" என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

கடை சரிதான், போன மணிதான் தப்பு. இந்த ஊரில் ஒவ்வொரு கடையும் வண்டியும் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான் தன் உச்சத்தில் இருக்கும். அதனால் கீழே இருக்கும் வரிசை ஒரு நாளின் வரிசை. கடைப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. மாஸ்டர் விலகினால் பலகை அப்படியே இருக்கும், சாப்பாடு மாறிவிடும். என் பட்டியலை நம்பிப் போய் நீங்கள் ஏமாற வேண்டாம்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

சில்லறை. எல்லா வண்டியிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது, உண்மைதான். ஆனால் காலை ஆறரை மணிக்கு நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும்போது ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், பின்னால் நிற்கும் பத்துப் பேருக்கும் உங்களால் தாமதம். பத்தும் இருபதுமாக நூறு ரூபாய் தனியே வைத்திருங்கள்.

ஒரு சிறிய எவர்சில்வர் டப்பா. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றிக் கட்டும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. டப்பாவை நீட்டினால் அந்தக் கவலை இல்லை. தவிர, டப்பா கொண்டுவருகிறவருக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வீட்டுத் தண்ணீர் பாட்டில். புது ஊரில் முதல் பத்து நாள் வயிறு கெடுவதற்குச் சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் காரணம் என்பது என் அனுபவம். பாட்டிலை எடுத்துப் போனால், கெட்டது எதனால் என்று கண்டுபிடிப்பதாவது எளிதாகும்.

கடைசியாக, கூட ஓர் ஆள். தனியாகப் போனால் ஒரு பண்டத்தோடு வயிறு நிறைந்துவிடும்.

2. முதல் மூன்று நாள் சாப்பிடாமல் நடங்கள்

இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். பழைய பஸ் நிலையத்தில் தொடங்கி லாங்கு பஜார், நேதாஜி மார்க்கெட் வழியாகப் போய் காந்தி ரோடு பக்கம் திரும்பி வாருங்கள். காட்பாடியில் வீடு பார்த்தவர்கள் ரயில் நிலையத்துக்கும் சித்தூர் பஸ் நிலையத்துக்கும் இடையே நடக்கலாம். சத்துவாச்சாரிக்காரர்களுக்கு ஆற்காடு ரோடு. ஒரு நாள் காலை 7 மணி, ஒரு நாள் மதியம் 1 மணி, ஒரு நாள் இரவு 8 மணி. அதே பாதை, அதே வேகம்.

காரணம் இருக்கிறது. காலையில் இட்லிக் கொப்பரை இருந்த அதே மூலையில் இரவு பரோட்டாக் கல் இருக்கும். வண்டி வேறு, ஆள் வேறு. ஒருமுறை மட்டும் பார்த்தவர் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறார்.

நடக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். யார் சாப்பிடுகிறார்கள்? மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் நிற்கும் கடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சாப்பாடு பொழுதுபோக்கு இல்லை. மோசமான கடைக்கு இரண்டாம் முறை போக மாட்டார்கள். அடுத்து, பாத்திரம் எப்போது காலியாகிறது? பத்து மணிக்குள் கழுவிக் கவிழ்த்துவிடும் வண்டி, மாலை வரை மூடி வைத்திருக்கும் வண்டியைவிட நம்பத் தக்கது. மூன்றாவது, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா? எண் இருந்தால் ருசி இருக்கும் என்று பொருள் இல்லை. ஆனால் அதை வாங்கி ஒட்டியவர் நாளைக்கும் அதே இடத்தில் கடை போட நினைக்கிறார் என்று கொள்ளலாம்.

நடக்கிற நாளிலேயே சாப்பிட்டுவிடாதீர்கள். பசியோடு பார்க்கும் கண்ணுக்கு எல்லாக் கடையும் நல்ல கடைதான்.

3. காலை: இட்லி வண்டியில் தொடங்குங்கள்

முதல் சாப்பாடு ஆவியில் வெந்ததாக இருக்கட்டும். புது ஊரின் எண்ணெய்க்கு வயிறு பழகும் முன் இதுதான் பத்திரம்.

நான் வழக்கமாகப் போகும் வண்டியில் அந்த அம்மா முதல் ஈட்டிலிருந்து ஓர் இட்லியைப் பிய்த்துக் காக்கைக்கு வைப்பார். பிறகு தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்து, சிறு விளக்குமாற்றால் ஓர் இழுப்பு இழுப்பார். கல் சுரீர் என்று கேட்டால் மாவு விழும். இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். எனக்குப் பின்னால் ஏழு பேர் நின்றாலும் இந்த ஒழுங்கு மாறியதில்லை. இப்படி ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் காலை உணவுப் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாம் ஈட்டுக்கு நில்லுங்கள். முதல் ஈட்டின்போது கொப்பரை முழுச் சூட்டுக்கு வந்திருக்காது. இட்லி நடுவில் கொஞ்சம் கனக்கும். துணி போட்டு ஊற்றிய இட்லி கிடைத்தால் அதுவே நல்லது, ஓரம் காயாது.

தேங்காய்ச் சட்னி விஷயத்தில் கறாராக இருங்கள். வேலூர் வெயிலில் ஒன்பதரைக்கு மேல் அதை நான் தொடுவதில்லை. தாமதமாகப் போனால் காரச் சட்னியும் சாம்பாரும் போதும். சட்னியை வாங்கியதும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நம் பாட்டிமார்கள் செய்ததுதான்.

4. மதியம்: மெஸ்

அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்பதை உட்காரும் முன் முடிவு செய்து கல்லாவில் சொல்லுங்கள். இலை விரித்த பிறகு மாற்றினால் பரிமாறுகிறவருக்கும் கல்லாக்காரருக்கும் கணக்குக் குழப்பம். அந்தக் குழப்பத்தில் அப்பளம் உங்களுக்கு வராமல் போகும்.

பன்னிரண்டரைக்கும் ஒன்றேகாலுக்கும் நடுவே போங்கள். அதற்கு முன் ரசம் தெளிந்திருக்காது. அதற்குப் பின் பொரியல் தீர்ந்து ஊறுகாய் கூடும். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றால் முறைக்காதீர்கள். இடம் பிடிக்கும் முறை இங்கே அப்படித்தான்.

கத்தரிக்காயை இலை ஓரம் ஒதுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த மாவட்டத்தில் அதைக் கொஞ்ச நாள் ஒத்திவைக்கலாம். இலவம்பாடிப் பக்கம் விளையும் வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் அதன் தொப்பியிலும் முள் இருக்கும். மார்க்கெட்டில் பொறுக்கும்போது விரலில் குத்தும். குழம்பில் கரையாமல் நிற்கும், ஆனால் வாயில் வெண்ணெயாக உடையும். "இன்று முள்ளுக் கத்தரியா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் காரக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதும் சமையற்கட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தால், சரியான மெஸ்ஸுக்கு வந்திருக்கிறீர்கள்.

5. பிரியாணி: மூடி திறக்கும் நேரத்தைப் பிடியுங்கள்

இந்தப் பக்கத்துப் பிரியாணி ஆம்பூர், வாணியம்பாடி வழி வந்தது. அரிசி சீரகச் சம்பா. காரம், ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயிலிருந்து வரும். கறி மசாலாவில் வெந்து நிற்கும்போது முக்கால் பதம் வெந்த சோற்றை வடித்து அதோடு சேர்த்து, மூடிமேல் தணல் போட்டுத் தம் கட்டுவார்கள். ஹைதராபாத் பாணியில் நீள நீளமான பாஸ்மதி அடுக்கை எதிர்பார்த்து உட்காருகிறவர், முதல் கவளத்திலேயே தப்பான பரீட்சைக்குத் தாள் திருத்தத் தொடங்கிவிடுகிறார்.

முதல் வேலை: கடைக்கு முந்தின நாளே போய், "தம் எத்தனை மணிக்கு உடைப்பீர்கள் பாய்?" என்று கேளுங்கள். ஒளிக்கிற ரகசியம் எதுவுமில்லை, மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். பல கடைகளில் பதினொன்றரைக்கெல்லாம் முதல் தேக்சா தயார். கூட்டம் பெரிதாக இருக்கும் கடையில் ஒரு மணி வாக்கில் இரண்டாவது தேக்சா திறக்கும். இந்த இரண்டில் ஒன்றுக்குப் பத்து நிமிடம் முன்பு அங்கே இருங்கள்.

இருந்து என்ன பார்க்க வேண்டும்? மூடிமேல் இருக்கும் தணலை ஒருவர் தகரத்தில் வாரி எடுப்பார். மூடி நகரும்போது முதலில் வருவது புதினா வாசனை, அதற்குப் பின்னால்தான் கறியின் வாசனை. மாஸ்டர் தட்டையான கரண்டியை நடுவில் குத்த மாட்டார். ஓரமாகச் சரித்து உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே புரட்டுவார். சோறு உதிரியாகச் சரிந்தால் பக்குவம் சரி. கட்டியாகப் பெயர்ந்தால் அன்றைக்குக் குஸ்கா மட்டும் வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் வாருங்கள்.

முதல் முறை அரை பிளேட் மட்டன் மட்டும் வாங்குங்கள். சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ், சுக்கா எல்லாம் பிறகு. பொரித்ததன் காரம் நாக்கில் ஏறிவிட்டால் சோற்றின் ருசி தெரியாது. கூட வரும் புளிப்பான கத்தரிக்காய்த் தொக்கைக் குழம்புபோல் மேலே ஊற்றிப் பிசைய வேண்டாம். இரண்டு கவளத்துக்கு ஒருமுறை விரல் நுனியில் தொட்டுக்கொள்ளுங்கள். கொழுப்பை வெட்டத்தான் அந்தப் புளி. வெங்காயப் பச்சடி வாய் ஆற.

பார்சல் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தைத் திறந்துவிடுங்கள். சீரகச் சம்பா சிறிய அரிசி. மூடிய கவருக்குள் ஆவி அதை மேலும் வேகவைத்துக் குழைத்துவிடும். வாளிக் கணக்கில் வாங்குகிறவர்கள், "ஒரு கிலோ" என்றால் அரிசி எடையா, வெந்த பிறகு உள்ள எடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அரிசி எடைதான். அதாவது ஐந்தாறு பேர் சாப்பாடு. இது தெரியாமல் இரண்டு பேருக்கு இரண்டு கிலோ வாங்கிவந்த புதுமணத் தம்பதியர் எங்கள் தெருவிலேயே உண்டு. அன்று தெருவுக்கே விருந்து.

6. ஆஸ்பத்திரித் தெருக்கள்: உள்ளூர்க்காரர்களும் தவறவிடுவது

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி ரோடு, பாபுராவ் தெருப் பக்கம் வங்க எழுத்தில் பெயர்ப்பலகை பார்ப்பீர்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் இங்கே தங்குகிறார்கள். அவர்களுக்காக வந்த சமையல் இது. கடுகெண்ணெயில் செய்த ரோகு மீன் குழம்பை மற்ற ஊர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே அது அன்றாடச் சாப்பாடு.

கடுகெண்ணெய் வாசனை முதல் நாள் மூக்கில் ஏறும். மூன்றாம் முறை பழகிவிடும். விலை மீன் துண்டுக் கணக்கில் ஏறும், ஆகவே சோறும் பருப்பும் ஒரு துண்டும் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். ஆற்று மீன், முள் அதிகம், பேசிக்கொண்டே சாப்பிடாதீர்கள். சாம்பார் கேட்காதீர்கள், கேட்டால் தருவார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

மேசையை நெடுநேரம் பிடித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் நோயாளியை வார்டில் விட்டுவிட்டு அரை மணி அவகாசத்தில் சாப்பிட வந்தவராக இருக்கலாம்.

7. இரவு: பரோட்டாக் கல்லும் எண்ணெய்ச் சட்டியும்

பரோட்டாவில் ஆபத்து குறைவு, கல்லின் சூடு பார்த்துக்கொள்ளும். சால்னா அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பஜ்ஜி, சிக்கன் பக்கோடா வண்டிகளில் முதலில் சட்டியைப் பாருங்கள், பிறகு தட்டை. எண்ணெய் கறுத்து, பண்டம் போட்டதும் நுரை பொங்கி அடங்காமல் நின்றால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது சேரும் கழிவுப் பொருள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 முதல் நாட்டில் உள்ள விதி. அதை அளக்கும் கருவி உங்களிடம் இருக்காது, மூக்கு இருக்கிறது. நாளிதழில் சுற்றித் தந்தால் அச்சு மையும் சேர்ந்து வரும்; உங்கள் டப்பாவை நீட்டுங்கள்.

வி.ஐ.டி. மாணவர்கள் கூடும் காட்பாடிப் பக்கம் ஷவர்மாக் கடைகள் நிறைய. வெட்டிய கறியை மறுபடி கல்லில் புரட்டித் தருகிறார்களா என்று கவனியுங்கள். நெருப்பைப் பார்த்த வெளிப்பக்கம் மட்டும்தான் வெந்திருக்கும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் ஊர் வெயிலில் திறந்து வைத்த மயோனைஸை விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

8. காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்

சித்திரை, வைகாசியில் கேழ்வரகுக் கூழ் வண்டிகள் வரும். முந்தின நாள் காய்ச்சிப் புளிக்கவைத்த கூழ் என்பதால் காலை பத்து மணிக்கு முன்பே குடித்துவிடுங்கள். பிற்பகலில் புளிப்பு மிஞ்சும். கரைக்கும் மோரும் தண்ணீரும் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். மோர் மிளகாயும் மாங்காய்த் துண்டும் தொட்டுக்கொள்ள. கருவாடு வைத்திருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

ரமலான் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல் மசூதிகள் இருக்கும் தெருக்களில் நடந்து பாருங்கள். நோன்பு திறக்கக் காத்திருப்பவர்களுக்கு முதலில் வழிவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு அங்கே விற்கும் பண்டங்களை வாங்குங்கள்.

புரட்டாசியில் அசைவக் கடைகளைத் தீர்ப்பு எழுதப் போகாதீர்கள். விற்பனை குறைவதால் சிறிய தேக்சா வைப்பார்கள், சில கடைகள் ஒரு வேளையோடு நிறுத்தும். சைவ மெஸ்களுக்கு அந்த மாதம் ஏற்றது.

9. குறித்து வையுங்கள், மூன்று முறை போங்கள்

ஒரு நோட்டில் நான்கு விஷயம்: பண்டம், போன மணி, கிழமை, சமைத்த ஆள். நட்சத்திரம், மதிப்பெண் வேண்டாம். "நன்றாக இல்லை" என்று எழுதிய கடைகளைப் பிறகு புரட்டினால் பாதிக்கு மேல் தப்பான நேரத்தில் போனவையாக இருக்கும். மூன்று வெவ்வேறு கிழமைகளில் போன பிறகே ஒரு கடையை அடித்துவிடுங்கள்.

குறை சொல்ல வேண்டியிருந்தால் கூட்டம் வடிந்த பின் கல்லாவுக்குப் போய்த் தணிந்த குரலில் சொல்லுங்கள். நான் ஒருமுறை ஒன்றரை மணிக் கூட்டத்தில், "கறி வேகவில்லை" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். கறி வேகாதது உண்மை. ஆனாலும் அந்தக் கடையில் அதன்பிறகு ஆறு மாதம் எனக்கு எலும்புதான் வந்தது. "அண்ணா, இன்று கொஞ்சம் பதம் தப்பியிருக்கிறது" என்று சொல்லியிருந்தால் வேறு துண்டு போட்டிருப்பார்கள்.

10. இரண்டு மாதம் கழித்து: ஆம்பூரும் ஆற்காடும்

வந்த முதல் வாரமே ஆம்பூருக்கு ஓடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். ஒப்பிட நாக்கில் ஒன்றும் இல்லாமல் போய்ச் சாப்பிட்டால், "நன்றாக இருந்தது" என்பதற்கு மேல் சொல்ல முடியாது. வேலூரில் நான்கைந்து கடையின் பிரியாணி பழகிய பிறகு போங்கள். சாலை வழியே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காட்பாடியிலிருந்து ரயிலும் உண்டு. பதினொரு மணிக்குள் இறங்கும்படி கிளம்புங்கள், காரணம் ஐந்தாம் பகுதியில் இருக்கிறது.

ஆற்காடு 25 கிலோமீட்டர் தூரம்தான், மாலையில் போகலாம். அங்கே தேட வேண்டியது மக்கன் பேடா. பார்வைக்குத் தட்டையான குலாப் ஜாமூன். உள்ளே முந்திரி, பாதாம் போன்ற பருப்புத் துண்டுகள் வைத்திருப்பார்கள். கடையில் நின்றபடி ஒன்று சாப்பிடுங்கள், சூடு ஆறியது இன்னும் நல்லது. வீட்டுக்கு வாங்கினால் பாகைத் தனி டப்பாவில் கேட்டு வாங்கிப் பையின் அடியில் நிமிர்த்தி வையுங்கள். நான் ஒன்றாகக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன். ரத்தினகிரி தாண்டுவதற்குள் அலுவலகக் கோப்பு ஒன்று இனித்துவிட்டது.